பெயரின் கீழே சிவப்புக் கோடு

அந்தக் கோட்டைப் போட்டது என் கைதான். வாக்காளர் பட்டியலில் தபால்தலை அளவுக்கு ஒரு பெண்ணின் படம், பக்கத்தில் பெயர், அதன் கீழே என் பேனா இழுத்த சிவப்புக் கோடு. அந்தப் பெயருக்குரியவர் வந்து ஓட்டுப் போட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம். மாலை ஐந்தேகாலுக்கு அதே பெண் என் மேஜை முன்னால் நின்று, "நான் இன்னும் ஓட்டே போடலீங்களே" என்றபோது நான் அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன்.

மைசூரு மண்டி மொஹல்லா பகுதியில் ஒரு பள்ளி வகுப்பறைதான் எங்கள் வாக்குச்சாவடி. நான் அரசு அலுவலக எழுத்தர். அன்றைக்கு வருகிறவர்களின் அடையாளம் பார்ப்பது என் வேலை. சாவடியின் தலைமை அதிகாரியாக வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது இளையவர், தமிழ்க் கிறிஸ்தவர். காலையில் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும் முன் ஒரு நிமிடம் கண்மூடி நின்றார். அதன் பிறகு மதத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதட்டுகிற கட்சி ஏஜென்டிடமும், கைக்குழந்தையோடு தயங்குகிற பெண்ணிடமும் ஒரே குரலில் "வாங்க, சொல்லுங்க" என்றார். எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. வரிசை நகர வேண்டாமா?

மாலையில் வந்து நின்றவர் கட்டட வேலை செய்பவர். வேலை விட்டு நேரே வந்திருந்தார். கணுக்காலில் சிமெண்ட் காய்ந்திருந்தது. காலையில் கூட்டம் நெருக்கியபோது வேறு யாரோ ஒருத்தி இவர் பெயருக்கான வாக்காளர் சீட்டை நீட்டியிருக்கிறாள். நான் சீட்டிலிருந்த எண்ணைப் படித்தேன், கோடு போட்டேன். அடையாள அட்டையைக் கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் ஓட்டு விழுந்தாச்சும்மா, போ" என்றேன். அவர் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். எதிலும் மை இல்லை. அதற்குள் ஓர் ஏஜென்ட், "கள்ள ஓட்டுப் போட வந்திருக்கா, வெளியே அனுப்புங்க!" என்று மேஜையைத் தட்டினார். "அப்ப காலையில போட்டது யாரு? ஓட்டுப்பதிவையே நிறுத்துங்க!" என்று இன்னொருவர் எழுந்தார். வாசலில் நின்றவர்கள் உள்ளே முண்டினார்கள். போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே பிடித்தார். அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கினார். அப்படியே போய்விடட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார். "அம்மா, நீங்க உக்காருங்க." பிறகு ஏஜென்டுகளிடம், "சார், ஆட்சேபணையை எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன். சத்தம் போட்டா வாங்க மாட்டேன்" என்றார். அந்தப் பெண்ணின் அட்டையை வாங்கிப் படத்தையும் முகத்தையும் பார்த்தார். கணவர் பெயர், வயது, தெரு கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா, தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்குங்க. இனிமே மெஷின்ல நீங்க போட முடியாது. சட்டப்படி ஒரு தாள் தர்றேன், முத்திரை குத்தி மடிச்சுக் குடுங்க, தனி உறையில வெச்சு ஒட்டிடுவேன்."

"அதை எண்ணுவாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிரச்சினை தீர்ந்தது. டீச்சர், "எண்ண மாட்டாங்கம்மா. கோர்ட் கேட்டாத்தான் உறையைப் பிரிப்பாங்க" என்றார்.

"அப்புறம் நான் எதுக்குப் போடணும்?"

"நீங்க வந்தீங்க, உங்க ஓட்டை வேற யாரோ போட்டுட்டாங்க, எங்க கவனக்குறைவுதான் காரணம்னு நான் எழுதி வைப்பேன். அது நான் உங்களுக்குச் செய்ய வேண்டியது."

அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனார்.

வாக்குப்பதிவு முடிந்ததும், அறிக்கை எழுத உட்கார்ந்த டீச்சரிடம் நான் கெஞ்சினேன். ஏஜென்டுகள் எதுவும் எழுதித் தரவில்லை. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் எழுதினால் போதும். எனக்குப் பதவி உயர்வு வருகிற நேரம். டீச்சர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்களைத் தலைகுனிய வைக்கணும்னு இல்ல. யாருக்கும் மரியாதையைப் பாக்கி வைக்கக் கூடாதுன்னு எங்க சபையில சொல்லி வளர்த்தாங்க. அந்த அம்மாவுக்கு நாம உண்மையாவது குடுக்கணும். மேற்பார்வை என்னுது, அதையும் சேர்த்துத்தான் எழுதறேன்." எழுதினார். இயந்திரங்களோடு திரும்பிய பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் தேர்தல் அலுவலகத்திலிருந்து இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "புகாரே வரலியே, இவ்வளவு விவரமா ஏன் எழுதினீங்க?" என்று அதிகாரி கன்னடத்தில் கேட்டார். "எழுதறேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லிட்டேன் சார்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். அதிகாரி என் பக்கம் திரும்பினார். கூட்டம், வெளிச்சம் போதவில்லை என்றெல்லாம் எழுதிய விளக்கம் என் பையில் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. "நான் அவங்க முகத்தைப் பார்க்கலை சார்" என்றேன்.

இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பட்டியலில் பார்த்த தெருவுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கட்டட வேலை முடிந்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள், எந்த ஊருக்கென்று தெரியாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். டீச்சர் அன்றைக்கே, அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்ட மன்னிப்பை நான் இன்னும் கேட்கவில்லை.