வராந்தாவில் கிடந்த கஸ்தூரிக்கு இரண்டு கட்டில்

1. பேனா நின்ற இடம்

ஆண், பெண் என்ற கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது. மை இருந்தது. தைரியம்தான் தீர்ந்துபோயிருந்தது.

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால், எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் அட்மிஷன் கிளார்க். டாக்டர் சீட்டில் 'அட்மிட்' என்று எழுதிவிட்டால், பெயர், வயது, மதம், ஊர் எல்லாம் கேட்டு கேஸ் ஷீட் போட்டு, எந்த வார்டு, எத்தனையாம் கட்டில் என்று குறித்து அனுப்ப வேண்டும். அதுவரை எட்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை.

அன்று காலை கவுண்டர் முன் நின்றவர் பெயர் கஸ்தூரி. மாமல்லபுரத்தில் டூரிஸ்டுகளுக்குச் சங்கு மாலை விற்பவர். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர். அப்படிப்பட்டவர்களை ஊரில் கூப்பிடுகிற சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. அன்றுவரை நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கஸ்தூரிக்கு டைபாய்டு. பத்து நாள் காய்ச்சல். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்.

பின்னால் முப்பது பேர் வரிசை. நான் ஃபைல் தேடுவதுபோல் மேஜைக்கு அடியில் குனிந்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன். வார்டு பாய் முனுசாமியும் குனிந்து பார்த்தான்.

"இன்னா சார், எலி கீதா?"

"டேய், இந்த கேஸ எந்த வார்டுல போடறது?"

"ஆம்பள வார்டுல போட்டீன்னா அங்க கீறவனுங்க கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க. பொம்பள வார்டுல போட்டீன்னா சிஸ்டர் என்னைக் கொன்னுடும். நீ இன்னாமோ செய், என்னை மட்டும் உள்ள இழுக்காத."

தண்ணீர் குடித்தேன். டீக்கடை வரை போய்க் கடைக்காரரிடம்கூடக் கேட்டேன். "அது உங்க டிபார்ட்மெண்ட் மேட்டராச்சே" என்றார். திரும்பி வந்தபோது கஸ்தூரி தரையில் உட்கார்ந்திருந்தார். பதற்றத்தில் என் மூளை ஒரு யோசனை சொன்னது. இரண்டு கேஸ் ஷீட் போட்டேன். ஒன்று கஸ்தூரி, ஆண், ஆண்கள் வார்டு, பதினாலாம் கட்டில். இன்னொன்று கஸ்தூரி, பெண், பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில். எந்த வார்டு சேர்த்துக்கொள்கிறதோ அது மிஞ்சட்டும், மற்றதைக் கிழித்துவிடலாம் என்று கணக்கு. இவ்வளவு புத்திசாலியா நான் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

2. தப்பியோடிய நோயாளி

இரண்டு வார்டும் ஷீட்டைச் சேர்த்துக்கொண்டன. ஆளைத்தான் இரண்டுமே சேர்க்கவில்லை. ஆண்கள் வார்டு வாசலில் எழுந்த சிரிப்பிலேயே கஸ்தூரி திரும்பிவிட்டார். பெண்கள் வார்டில் சிஸ்டர் எஸ்தர், "ஷீட் இருக்கட்டும், ஆர்.எம்.ஓ. சொல்லாம உள்ள விடமாட்டேன்" என்றுவிட்டார். ஆர்.எம்.ஓ. என்றால் ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கிற டாக்டர். அன்று அவர் மீட்டிங்கில். ஆக, பேப்பரில் இரண்டு கட்டில் வைத்திருந்த ஒரே நோயாளி, இரண்டு வார்டுக்கும் நடுவிலிருந்த வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை டயட் லிஸ்ட்படி ரொட்டியும் பாலும் வந்தன. ஒன்பதாம் கட்டிலின் ஆள் வராந்தாவில் என்று சிஸ்டருக்குத் தெரியும். பதினாலாம் கட்டிலில் வாங்க ஆள் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத கட்டிலுக்கு ஒரே அர்த்தம்தான்: ஆப்ஸ்காண்டட். நோயாளி தப்பியோட்டம், போலீசுக்கு மெமோ அனுப்ப வேண்டும். அந்த மெமோவை டைப் செய்யச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். 'கஸ்தூரி, ஆண், நேற்று முதல் காணவில்லை' என்று நான் தட்டிக்கொண்டிருக்கையில், ஜன்னல் வழியே கஸ்தூரி இருமுவது கேட்டது.

மெமோவில் கையெழுத்துப் போடும் முன் ஆர்.எம்.ஓ. டயட் லிஸ்டைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, ஒரே பேரு ரெண்டு வார்டுல கீது. ரெட்டப் புள்ளைங்களா?"

"இல்ல சார், ஒரே ஆளு."

"எங்க அந்த ஆளு?"

"வராந்தால சார்."

அவர் எழுந்து நடந்தார். சஸ்பென்ஷன் ஆர்டரை எப்படி வீட்டில் சொல்வது என்று வசனம் தயார் செய்தபடி பின்னால் போனேன். கஸ்தூரியின் கையைத் தொட்டுப் பார்த்த ஆர்.எம்.ஓ.வுக்கு முகம் மாறிவிட்டது. காய்ச்சல் அப்படி.

"உள்ள பொம்பளைங்க ஒத்துக்கமாட்டாங்க சார்" என்றான் முனுசாமி.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எட்டாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜைனம்பு பீவி. பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவரின் மனைவி, பித்தப்பை ஆபரேஷனுக்காகச் சேர்ந்திருந்தவர்.

"யார் ஒத்துக்கல? யார கேட்ட நீ? எங்க ஆளுங்க வாடகைக்கு வூடு கேட்டாலும் இதே கததான். வூட்டப் பூட்டி சாவிய இடுப்புல சொருவிகினு, வேற ஆளு வராங்கம்பாங்க. பேரக் கேட்டதுமே வூடு காலியில்லாம பூடும். என் பக்கத்துக் கட்டிலு நேத்துலேர்ந்து சும்மாதான் கீது. அந்தப் பொண்ண கொணாந்து படுக்க வைய்யி."

அந்தப் பூட்டிய வீடுகளில் ஒன்று என் மாமனாருடையது. நான் வராந்தாச் சுவரை உற்றுப் பார்த்தேன். நல்ல சுவர்.

ஆர்.எம்.ஓ. என் பக்கம் திரும்பினார். "நீ இவங்கள கேட்டியா?"

முனுசாமியைக் கேட்டிருந்தேன். டீக்கடைக்காரரைக் கேட்டிருந்தேன். கஸ்தூரி பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். "உங்களுக்கு எந்த வார்டும்மா?"

கஸ்தூரி கண்ணைத் திறந்து பார்த்தார். "பொம்பள வார்டுதான். இத கேக்க உனக்கு ஒரு நாளாச்சா அண்ணாத்த?"

ஆர்.எம்.ஓ. ஆண் ஷீட்டைக் குறுக்கே அடித்து, 'தவறுதலாகப் போடப்பட்டது' என்று எழுதினார். தவறியது யார் என்று எழுதவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

3. பிறகு

கஸ்தூரி மூன்று வாரம் ஒன்பதாம் கட்டிலில் இருந்து பிழைத்தார். வாசலில் மறித்த அதே சிஸ்டர் எஸ்தர்தான் இரண்டாம் வாரம் அவருக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டார். ஜைனம்பு பீவி வீட்டுக் கஞ்சியில் பாதி அந்தப் பக்கம் போனது. ஒரு கிராமத்து அம்மா மட்டும் தன் கட்டிலைக் கோடிக்கு மாற்றச் சொல்லிப் போனவர், கடைசிவரை பேசவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மாமனாரிடம் பேசிப் பேசி ஒன்றரை வருஷம் ஆயிற்று. கடைசியில் பின்கட்டை ஜைனம்பு பீவியின் மகனுக்கு வாடகைக்குக் கொடுத்தார். இப்போது என்னைவிட அந்தப் பையனைத்தான் அவருக்குப் பிடிக்கிறது. ஆனால் அதே தெருவில் மற்ற வீடுகளுக்கு இன்னும் 'வேறு ஆள்' வந்துகொண்டேதான் இருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில், இப்படி யார் வந்தாலும் அவரையே கேட்டு வார்டு போடுவது வழக்கமானது. ஏழெட்டுப் பேர் அப்படிக் கட்டில் ஏறிப் பிழைத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் போன மாதம் நான் நாலு நாள் லீவில் போய்த் திரும்பியபோது, திருப்போரூரிலிருந்து வந்த ஒருவர் வராந்தாவில் கிடந்தார். நான் லீவு போட்டால் அந்த வழக்கமும் லீவு போட்டுவிடுகிறது. இதை ஆர்டராகப் போடுங்கள் என்று ஆர்.எம்.ஓ.விடம் கெஞ்சினேன்.

"எழுதுனா மேல அனுப்பணும்யா. மேல போனா, ரூல்ல இல்லன்னு திரும்பி வரும். அப்புறம் இப்ப நடக்கறதும் நின்னுடும். ஓசப்படாம செஞ்சிகினு போ" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வராந்தாவில் கிடந்தவரிடம் போய் அந்த நியாயத்தைச் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால், கவுண்டரில் புதிதாக உட்காரப்போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பேனா நின்றால் எதிரில் நிற்பவரைக் கேளுங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். யார் சொல்லி எழுதினாய் என்று மேலே கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஆர்டர் என்று ஒன்று வருகிறவரை, நான் எழுதிவைத்திருக்கும் இந்தத் தாளையே ஆர்டராக வைத்துக்கொள்ளுங்கள்.