பார்வையிட்டேன், குறையில்லை

எண்பதுகளில் விக்கிரவாண்டி அருகே ஒரு முதியோர் இல்லத்தின் கமிட்டியில் நானும் ஒரு மெம்பர். மாதம் ஒரு ஞாயிறு நேரில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. நான் போனதே இல்லை. நோட்டு திண்டிவனத்தில் என் வீட்டுக்கே வரும். "பார்வையிட்டேன், குறையில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

மனைவி இறந்தபின் ஒரு ஞாயிறு மதியம், வெறும் வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறி அங்கே போனேன். எல்லோரும் படுத்திருந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் தலை சீவி, விபூதி இட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"மாசாமாசம் நீங்க வர்றப்பல்லாம் நான் தூங்கிப்போயிடறேனாம். நோட்டுல உங்க கையெழுத்த வாட்ச்மேன் காட்டுவாருங்க. அதான் இன்னிக்கி முழிச்சிக்கினே ஒக்காந்திருக்கேன்."



"இனிமே தூங்குங்கம்மா. நான் வந்து எழுப்பறேன்" என்றேன்.

அதன்பின் ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் அதற்குமுன் நான் வந்ததே இல்லை என்ற உண்மையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அவர் போய்ப் பல வருடமாகிறது. இப்போது ஞாயிறு மதியங்களில் நான் தூங்குவதில்லை. யாராவது வந்து, திரும்பிப் போய்விடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.