சுவேதாவின் குழி

தரங்கம்பாடிக்கு வடக்கே ஒரு குப்பத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார் காயாரோகணம். சுனாமியில் அவருடைய ஒரே மகள் சுவேதா போய்விட்டாள். மறுநாள் சவுக்குத் தோப்பில் ஒரு குழந்தையின் உடல் கிடந்தது. முகம் சிதைந்திருந்தது. ஆனால் உடலைச் சுற்றிச் சிக்கியிருந்த மஞ்சள் கவுன் சுவேதாவுடையது. பார்க்க வேண்டும் என்று மனைவி தையல்நாயகி கதறினாள். அவர் விடவில்லை. கவுனை விலக்கிப் பார்க்காமலே தானே குழி வெட்டிப் புதைத்தார். வருஷா வருஷம் அங்கே கேசரி வைத்துக் கும்பிட்டார்கள்.

சென்ற ஆண்டு, பழங்கால எலும்புகளை ஆராயும் பூர்ணிமா என்ற ஆய்வாளர் வந்தார்.

"நம்ம ஊரு சூட்டுலயும் ஈரத்துலயும் எலும்புல இருக்கிற டி.என்.ஏ. சீக்கிரமே அழிஞ்சுடுதுங்க ஐயா. முதுமக்கள் தாழியில எடுத்த எலும்புல ஒண்ணும் தேறல. காதுக்குள்ள ஒரு கெட்டி எலும்பு இருக்கு, அதுல மட்டும் தங்குதான்னு வருஷம் தெரிஞ்ச குழியில பாக்கணும். பெத்தவங்க எச்சிலோட ஒத்துப் பாத்தா எங்க முறை சரியான்னு தெரிஞ்சிடும்."

"வேணாம். அவ தூங்கட்டும்," என்றாள் தையல்நாயகி.

"படிச்ச புள்ள கேக்குது, நாலு பேருக்கு ஒதவட்டுமே," என்று காயாரோகணம்தான் சம்மதித்தார்.

காதெலும்பையும் இருவர் எச்சிலையும் எடுத்துப் போன பூர்ணிமா சில மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தார். "டி.என்.ஏ. நல்லாவே கெடச்சிருக்குங்க," என்றார். காயாரோகணத்துக்குச் சந்தோஷம். பூர்ணிமா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஆனா அது உங்க பொண்ணு இல்லீங்க. ஆம்பளப் பையன். கவுனு தண்ணியில வந்து சுத்திக்கிட்டிருக்கும்."

பக்கத்துத் தெரு ஞானாம்பாளின் மகன் சபரிநாதனும் அன்று காணாமல் போனவன். அவள் எச்சில் கொடுத்தாள். ஒத்துப்போனது. அவள் வீட்டார் குழியைத் தோண்டி, எலும்புகளைப் புதுத் துணியில் கட்டி எடுத்துப் போனார்கள்.

"எம்புள்ளைக்குப் பொட்டப்புள்ள பேரச் சொல்லிப் படைச்சிருக்கீங்களே," என்று ஞானாம்பாள் சொல்லிவிட்டுப் போனாள். குழியை யாரும் மூடவில்லை. நாய்கள் படுத்துக்கொண்டன.

அன்று தையல்நாயகி அழவில்லை. "ஒரு தரம் பாக்க உட்டிருந்தா, எம்பொண்ணு இல்லேன்னு சொல்லியிருப்பேன். தேடியிருப்போம். ஏதாவது ஆஸ்பத்திரியில உசுரோட கெடந்திருந்தா?"



இப்போது அவள் முகூர்த்த நாட்களில் திருக்கடையூர் போய்விடுகிறாள். ஊர் ஊராக வந்து சேரும் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில், சுவேதா இருந்திருந்தால் இன்று ஆகியிருக்கும் வயதுப் பெண்களை ஒவ்வொருத்தியாக உற்றுப் பார்க்கிறாள். ஒருமுறை அவரும் பின்னாலேயே போனார்.

"நீ தேடாத," என்றாள். "நீதான் அவளப் பொதச்சிட்டியே."