இலக்கம் தராத ஓட்டம்

கணவரோடு மெல்பேர்ணுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ஊழியர்கள் ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து லேக் மவுண்டன் பனிமலைக்குப் போனபோது, பனியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவோம் என்று நானும் ஏறினேன்.

அங்கே வாடகைக்குக் கிடைத்தவை பனியில் சறுக்கி ஓடுவதற்கான ஒடுங்கிய, நீளமான மரப்பலகைகள். மலையுச்சியிலிருந்து வழுக்கி இறங்குவதற்கானவை அல்ல. பலகையில் சப்பாத்தின் முன்நுனி மட்டும் பூட்டப்பட்டிருக்கும், குதிக்கால் எழும்பும். இரண்டு கைகளிலும் ஊன்றுதடி. காட்டுக்குள் ஏற்றமும் இறக்கமுமாக, சொந்தக் காலின் வலுவில் ஓடவேண்டும். நான் ஓடவில்லை, விழுந்தேன். எழுந்து மறுபடி விழுந்தேன். எங்கள் பிரிவு டாக்டர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"வெயில் நாட்டுக்காரருக்கு இது சரிவராது. உள்ளே போய்ச் சூடாக ஏதாவது குடியுங்கள்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் கிளம்பும்வரை நான் உள்ளே போகவில்லை. எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்த, என் வயதேயான பின்லாந்துக்காரி ஒருத்தி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலாக அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "பின்னால் சாய்கிறாய். முன்னால் சாய்" என்றாள். சாய்ந்தேன். பலகை ஓடியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலத்திலும் சனி ஞாயிறு எங்கள் இரண்டு பேருக்கும் மலைதான். ஆஸ்திரேலியப் பனி பாதி நேரம் ஈரம். அதில் பலகை பின்னுக்கு வழுக்காமல் இருக்க, அடியில் ஒட்டும் பசைமெழுகு பூசவேண்டும். அது பலாப்பழப் பால் மாதிரி; கையில் பட்டால் சோப்புக்கு அசையாது. நான் தேங்காயெண்ணெய் போட்டு உரஞ்சினேன், போய்விட்டது. அடுத்த வாரமே தோழியின் பையிலும் ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் இருந்தது.

கோடையில் பனி இல்லை. அதனால் வேலை முடிந்து வந்ததும் கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, ஊன்றுதடிகளுடன் நாங்கள் குடியிருந்த டொன்காஸ்டரின் மேட்டுத் தெருக்களில் ஏறி ஓடினேன். அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டில் போனார்கள். எங்கள் ஆட்கள் அப்படி இருக்கவில்லை. அப்போது நகரில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம். மாதத்தில் ஒருநாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். கணக்காளராக இருந்த ஓர் அங்கிள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்:

"ஏன் பிள்ளை, றோட்டிலை தடியோட ஓடுறீராம். உமக்கென்ன விசரே? ஒரு குடும்பப் பொம்பிளை செய்யிற வேலையே இது?"

"ஓம் அங்கிள், நான் குடும்பப் பொம்பிளைதான். ஓடுறதும் நான்தான். இரண்டும் ஓராள்தான்."

அவர் என் கணவரைப் பார்த்தார். "நீராவது சொல்லும் தம்பி."

"நான் என்னத்தைச் சொல்ல? அவ ஓடட்டும். சோறு நான் காய்ச்சிறன்" என்றார் அவர். குசினிக்குள் இருந்த பெண்கள் சிரித்தது முன்அறை வரை கேட்டது.

1977இல் பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தேன். அதற்கடுத்த ஆண்டும் வந்தேன். அப்போது ஒரு பத்திரிகைக்காரர் படமெடுக்க மலைக்கு வந்தார். சேலை கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். பனியில் சேலையோடு, பலகையில் நின்றால் படம் அருமையாக இருக்குமாம்.

"போட்டியில் நான் சேலை கட்டி ஓடவில்லையே" என்றேன்.

"வாசகர்களுக்குப் பிடிக்கும்."

"அப்படியென்றால் வாசகர்கள் கட்டட்டும்."

படம் வரவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

ஐந்து கிலோமீட்டர் எனக்குப் போதாமல் போயிற்று. உடம்பு சூடேறி, மூச்சு ஒழுங்குக்கு வந்து, கால் தானாகத் தள்ளத் தொடங்கும் நேரத்தில் முடிவுக்கோடு வந்துவிடும். ஆண்களுக்குப் பதினைந்து. நானும் அதில் ஓடவேண்டும் என்று எங்கள் சறுக்கல் கழகத்தின் செயலாளரிடம் கேட்டேன்.

"பெண்களுக்கு ஐந்துதான். அதற்குமேல் உடம்பு தாங்காது" என்றார்.

"யாருடைய உடம்பு?"

"பொதுவாகச் சொல்கிறேன்."

"நான் பொதுவாக ஓடுவதில்லை. நான்தான் ஓடுகிறேன்."

நெஞ்சில் கட்டும் இலக்கத் துணியை அவர் தரவில்லை. போட்டியன்று காலை, கடைசி ஆணும் புறப்படும்வரை காத்து நின்றேன். பிறகு இலக்கம் இல்லாமலே கோட்டைத் தாண்டினேன். பின்னால் யாரோ ஊதலை ஊதினார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ஏற்றத்திலேயே ஒருவரை எட்டிப்பிடித்தேன். வழி விடும்படி கத்தினேன். அவர் ஒதுங்கி, "போ போ" என்று சிரித்தார். அடுத்தவர் குரலைக் கேட்டும் தடத்தைவிட்டு விலகவில்லை. நான் ஆழமான பனிக்குள் இறங்கி, முழங்கால்வரை புதைந்து, அவரைச் சுற்றிக்கொண்டு முந்தினேன். பாதி வழியில் தோழி எலுமிச்சைத் தண்ணீருடன் நின்றாள். "இடுப்பைத் தூக்கு!" என்று கத்தினாள். பாராட்டு அவளிடம் எப்போதும் அப்படித்தான் வரும். கடைசி ஏற்றத்தில் தொண்டையில் இரத்தச் சுவை. இந்த உடம்பு தாங்காது என்று சொன்னவரின் முகத்தை நினைத்துக்கொண்டேன். தாங்கியது.

முடிவுக்கோட்டில் நேரம் குறிப்பவர் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மரங்களைப் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை. என் நேரம் எங்கும் பதிவாகவில்லை. ஆனால் நான் முந்தியது, முந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

கணவர் காரடியில் தேநீருடன் நின்றார். "என்னவாம்?"

"ஒருத்தரும் பேசேல்லை."

"பேசேலாமப் போச்சாக்கும்" என்று கோப்பையை நீட்டினார்.

வசந்தத்தில் கழகக் கூட்டத்தில் என்னை நீக்கவேண்டும் என்று செயலாளர் பேசினார். நான் எழுவதற்குள் வேறொருவர் எழுந்தார். தடத்தைவிட்டு விலகாத அதே ஆள். இனி அவர் வாயால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்தேன்.

"இலக்கம் இல்லாதவளிடம் தோற்றேன் என்று வீட்டில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுத்தமுறை அவளுக்கு ஓர் இலக்கத்தைக் கொடுங்கள்" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. செயலாளர் சிரிக்காவிட்டாலும், வாக்கெடுப்பில் கைகளை எண்ணினார். என் பக்கமே அதிகக் கைகள் உயர்ந்திருந்தன.

அடுத்த குளிர்காலத்தில் பதினைந்து கிலோமீட்டர் கோட்டில் நாங்கள் மூன்று பெண்கள் இலக்கம் கட்டி நின்றோம். பெண்களில் நான் இரண்டாவதாக வந்தேன். என்னை முந்தியவள் என் பின்லாந்துக்காரி. நடுக்காட்டில் என்னைக் கடக்கும்போது, "பின்னால் சாய்கிறாய்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் பொங்கியது. தோற்றுக் கோபப்படுவதற்கு ஒரு நல்ல ஆள் எதிரில் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்தது. பலகைகளைக் கழற்றாமலே அவளிடம் போய், வருகிற வருடம் பார்க்கலாம் என்று சொன்னேன்.