மூன்று சர்வர்களும் ஒரு ஜும்ஆவும்

ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று எழுந்து வேலையைத் தொடர வேண்டும். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. இந்த ஏற்பாட்டை வடிவமைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். மட்டாஞ்சேரியில் இருக்கும் என் மாமனாருக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். "கம்ப்யூட்டர்ல என்னவோ பாக்குறாரு" என்றுதான் இன்றைக்கும் வெளியே சொல்கிறார்.

தோப்பும்படியில் அவருக்குச் சின்னதாய் ஒரு குளிர்க்கிடங்கு. அந்த சீசனில் வாங்கிய இறால் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. கப்பல் ஏற வேண்டிய சரக்கு. கெட்டால் தொழிலையே மூட்டை கட்ட வேண்டியதுதான். நானாக வலியப் போய்த் தலையைக் கொடுத்தேன். கிடங்கின் குளிரை நொடிக்கு நொடி கண்காணிக்கக் கிடங்கில் ஒன்று, தேவராவில் ஒன்று, வைப்பினில் ஒன்று என மூன்று சர்வர்கள். மின்சாரம், இணையம் எல்லாம் தனித்தனி. எது செத்தாலும் மிச்சம் இருப்பது மாமனார், மச்சினன், நான் ஆகிய மூவரின் கைப்பேசிக்கும் எச்சரிக்கை அனுப்பிவிடும்.

"ஒண்ணும் குழப்பம் வராதே மாப்ளே?"

"மூணும் ஒரே நேரத்துல போக சான்ஸே இல்ல மாமா."

அன்று எனக்குச் சாயாவோடு பழம்பொரியும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கிடங்கின் குளிர்க்குழாய்களில் படியும் பனியை அவ்வப்போது உருக்கும் ஹீட்டர் எரியத் தொடங்கி, அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்கு அங்கிருந்த சர்வரும் படுத்தது. தேவரா சர்வர் கண் இமைக்கும் நேரத்தில் பொறுப்பேற்றது. எச்சரிக்கை பிசகாமல் போய்ச் சேர்ந்தது, ஜும்ஆ தொழுகையில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்ற மூன்று பேரின் சட்டைப்பைக்கு. மூன்றும் சைலன்ட். பிறகு ஒரு நிக்காஹ் விருந்துக்குப் போய், பிரியாணியை விலாவாரியாகக் குறை சொல்லி முடித்துத்தான் கைப்பேசியை எடுத்தோம்.

கிடங்கைத் திறந்தபோது இறால் பெட்டிகளிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க மெஷினுக்கு என்ன ஆச்சு மாப்ளே?"

"மெஷின் எல்லாம் கரெக்டா வேலை செஞ்சுது மாமா."

"அப்போ எறால் மாத்திரந்தான் வேலை செய்யல."

கத்தியிருந்தால் தேவலை. அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காய்ச்சல்கார மகனோடு அன்று முழுக்க வீட்டில் இருந்த என் மனைவி, நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"அந்தக் கிடங்குல ஓடி வெளையாடி வளந்தவ நான். ஹீட்டர அணைக்கிற ஸ்விட்ச் எங்கன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். மெஷின் உசிரோட இருக்கான்னு நொடிக்கு நொடி கேக்குறீங்களே மச்சான், நான் இருக்கேன்னு உங்க மூணு பேர்ல ஒருத்தருக்கும் தோணலையா?"