மணல் பிடிக்காத கிருமி

ஆள் உயரக் கண்ணாடிக் குழாய், அதில் முக்கால்வாசி மாஹிம் கடற்கரை மணல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் என் கணவருக்கு என்னைவிட அதன் மேல்தான் பிரியம். பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கிருமி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். டைபாய்டு கிருமி கலந்த தண்ணீரை மேலே ஊற்றுவார். கீழே சொட்டும் நீரைச் சோதித்தால் கிருமியே இருக்காது, எல்லாம் மணலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டுங்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே பேச்சுதான். "மணல் பிடிச்சா விடாது, கேட்டியோ" என்பார். எனக்குச் சலித்துப்போயிற்று. ஆனாலும் உள்ளூரப் பெருமை.

அந்த மணலை அள்ளிவந்து கொடுத்தவர் தாராவியில் தோல் வேலை செய்த திருநெல்வேலி பாய். ஒருநாள் எங்கள் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, எங்க சந்துக் கெணத்துக்குப் பக்கத்துலயே கக்கூஸ் குழி கெடக்கு. அந்தத் தண்ணிய குடிக்கலாமா? குழாயடிக்குப் போனா ஒரே அடிதடி. வீட்ல பொட்டப்புள்ள வேற இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே இவர் தோண்டிப் பார்த்தார். நல்ல மணல். "பேஷாக் குடிக்கலாம் பாய்!" என்றார். பாயின் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மழைக்காலம் முடிவதற்குள் பாயின் அந்தப் பெண் குழந்தை டைபாய்டில் போய்விட்டது.

இவர் சோறு தண்ணி இல்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தார். நோயாளியிடமிருந்து புதிதாக எடுத்த கிருமியை அதே மணலில் ஊற்றினார். விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டது. ஒரே இனம்தான், மேலுறைதான் வேறு. மனித உடம்பிலிருந்து வரும் கிருமியின் மேல் சர்க்கரைப் பொருளாலான வழவழப்பான உறை இருக்குமாம். அது மணலில் ஒட்டவிடாது. ஆய்வுக்கூடத்துப் புட்டியில் வருஷக்கணக்கில் வளர்ந்த கிருமி அந்த உறையை இழந்து சொரசொரப்பாகியிருந்தது. மணல் பிடித்தது அதைத்தான். "நான் வளர்த்த கிருமியைப் பார்த்துட்டு ஊர்க் கிருமிக்கு ஜாமீன் கொடுத்துட்டேனே, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நேரில் சொல்லியே ஆகவேண்டும் என்று மறுபடி தாராவிக்குப் போனோம். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க வேணும்னா செஞ்சீங்க? அல்லா நாட்டம்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள்.

"அன்னைக்கு அந்தத் தண்ணியத்தான் செம்புல மோந்து நீட்டுனேன். ரெண்டு பேருமே வாங்கல. அப்பமே ஒங்களுக்குத் தெரியும், என்னய்யா?"

இவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நாங்கள் வாங்காததற்குக் காரணம் கிருமி இல்லை. முஸ்லிம் வீட்டுத் தண்ணீரை எங்கள் மனிதர்கள் தொடமாட்டார்கள், அவ்வளவுதான். அதைப் பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எந்த வாயால் சொல்வது? வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இவர் கைகூப்பினார். "ஆமாம்மா, தெரியும்" என்றார்.

இன்று என் பேத்தி எவர் வீட்டிலும் உரிமையோடு கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. உன் கைத்தண்ணீர் எங்களுக்கு ஆகாது என்று சொல்வதைவிட, தெரிந்தே உன் பெண்ணைச் சாகவிட்டேன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கும்தான். பக்கத்தில் நின்ற நான் அதை மறுக்கவில்லையே.