லேபிள் இல்லாத டப்பா

என் பெரியம்மா மகளை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று முடியும் கதை இதுவல்ல. அப்படி முடிய வேண்டும் என்று அம்மா இன்னமும் ஆசைப்படுகிறாள். அது அவள் ஆசை.

எனக்கு முப்பத்தொரு வயதில் பரு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் ஒன்றுகூட வந்ததில்லை. தாடையோரம், காதுக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடம் என்று உள்ளுக்குள் கட்டியாக வீங்கும். தொட்டால் உயிர் போகும். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். தம்பானூர் பக்கம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. அங்கே ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். வேப்பிலை அரைத்துப் போட்டேன். முல்தானி மிட்டி, கடலை மாவு, பல் விளக்குகிற பேஸ்ட் எல்லாம் பூசிப் பார்த்தேன். ஆறு மாதம் கஷாயம் குடித்ததில் நாக்கு கசந்ததுதான் மிச்சம். முட்டையை விட்டேன், பாலை விட்டேன், நேந்திரங்காய் வறுவலைக்கூட விட்டேன். பரு மட்டும் என்னை விடவில்லை. பஸ்ஸில் துப்பட்டாவைத் தாடைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காருவேன். மொபைல் திரை அணைந்து கருப்பாகும்போது அதில் தெரிகிற முகத்தைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். அப்பாவின் வேலைக்காக எல்லை தாண்டி வந்து, மலையாளம் பேசுகிற கரமனையில் தங்கிவிட்டோம். அப்பா இறந்தபின் அம்மாவும் நானும்தான். பெரியம்மா மகள் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். கெட்டிக்காரி. இரண்டு தெருப் பெண்களும் அவள் சொல்படிதான் புருவம் திருத்துவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏட்டி, இப்படி வெளிச்சத்துல நில்லு. என்ன கோலம் இது? வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன், நீ ஊரெல்லாம் சுத்தியிருக்க."

அலமாரியிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்தாள். மேலே எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"இது என்ன க்ரீம்க்கா?"

"எல்லாம் பச்சிலைதான். தெரிஞ்ச ஆளு ஒருத்தரு செஞ்சு தாறாரு. படுக்கப் போகும்போது ஒரு பட்டாணி அளவு தேச்சுக்கோ. வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

பத்தே நாளில் முகம் மாறியது. சிவப்பு போனது, கட்டிகள் கரைந்தன, நிறம்கூட ஒரு படி கூடியது. அலுவலகத்துக்குத் துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்றை முகத்தில் வாங்கினேன். அக்காவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சேலையை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அவள் என்னை ஜன்னலருகில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். சும்மா எடுக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளுடைய வாட்ஸாப் குரூப்பில், நூற்றுக்கணக்கான பெண்கள் இருக்கிற இடத்தில், என் முகம் இரண்டு முறை வந்தது. இடது பக்கம் பருவோடு, வலது பக்கம் பளிச்சென்று. நடுவில் ஒரு அம்புக்குறி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வலது பக்கத்து முகம் அழகாக இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் வெயிலில் இறங்கினால் முகம் எரியத் தொடங்கியது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள் தெரிந்தன. மெல்லிய முடி முளைத்தது. முன்பு பருவே இல்லாத நெற்றியிலும் கன்னத்திலும் பொடிப்பொடியாகப் பொங்கின. இரண்டு நாள் தேய்க்காமல் விட்டால் முகத்தில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல இருக்கும். மறுபடி தேய்த்தால் அடங்கும். அக்காவிடம் போய் நின்றேன். அவள் இன்னொரு டப்பாவைக் கொடுத்தாள்.

"இது கொஞ்சம் ஸ்ட்ராங். அழுக்கு வெளிய வருது, அவ்வளவுதான். கொழப்பமில்ல."

அதையும் தேய்த்தேன். முட்டாள்.

அந்த வருடமே எங்கள் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அம்மா வற்புறுத்தியதால் போனேன். மண்டபத்தில் என்னைப் பார்த்த ஒரு சித்தி, "இவளுக்கு நீதானே க்ரீம் குடுத்த? படமெல்லாம் போட்டிருந்தியே, இப்பம் இப்படி இருக்கு?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். அக்கா மணப்பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

"நானா? நான் இவளுக்கு என்னத்தக் குடுத்தேன்? ஃபேஷியல் ஒண்ணு ரெண்டு செஞ்சிருப்பேன். இவ தலையணை உறைய மாசத்துக்கு ஒருக்கத்தான் மாத்துவா. சாயங்காலமானா பேக்கரியில முட்டை பஃப்ஸ். பின்ன, வயசும் ஏறுதுல்லா? கல்யாணம் ஆகாம இருந்தா சூடு மூஞ்சியிலதான் காட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாகூட, எதற்கென்று தெரியாமல், லேசாகச் சிரித்தாள்.

என் முகம் கெட்டதைக்கூட ஒருவேளை நான் மறந்திருப்பேன். அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் குடுக்கவேயில்லை என்றாளே! அப்போதும் அவளுடைய குரூப்பில் என் வலது பக்கத்து முகம்தான் விளம்பரமாக இருந்தது. சாப்பிடாமல் மண்டபத்தை விட்டு இறங்கினேன். பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் இவளைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். நடுத்தர வயது மலையாளிப் பெண். என் முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்ன தேய்த்தாய் என்று மலையாளத்தில் கேட்டார். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். திறந்து பார்த்துவிட்டு மூடினார். முகத்தில் கோபம் தெரிந்தது. என்மேல் இல்லை.

"இது ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். இந்த மாதிரி முகம் வாரத்துக்கு நாலைந்து பார்க்கிறேன்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். எனக்கு இருப்பது இரண்டு வியாதி. ஹார்மோன் கோளாறால் தாடையில் வந்த பரு முதலாவது, அதற்குச் சரியான மருந்து உண்டு. க்ரீம் உண்டாக்கியது இரண்டாவது. இரண்டாவது போனால்தான் முதலாவதைத் தொட முடியும். க்ரீமை நிறுத்தினால் முகம் இப்போது இருப்பதைவிட மோசமாகும், அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

"பேடிக்கண்டா மோளே" என்றார். பயப்படாதே மகளே என்று எனக்கு அம்மாகூடச் சொன்னதில்லை. அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. முகம் வீங்கிச் சீழ் கோர்த்தது. கண்ணுக்குக் கீழே தோல் உரிந்தது. மாத்திரை, மென்மையான சோப்பு, ஒரு களிம்பு, இவ்வளவுதான் அனுமதி. விடுப்பு எடுத்துக்கொண்டு ஈரத்துணியை முகத்தில் போட்டு ஃபேனுக்குக் கீழே கிடந்தேன். கை தானாக அந்த டப்பாவைத் தேடும். ஒருமுறை தேய்த்தால் போதும், எல்லாம் அடங்கிவிடும். டப்பாவைத் தூக்கியும் எறிய முடியாது, ஏனென்றால் அது எனக்குச் சாட்சியாகத் தேவைப்பட்டது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே டேப் ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். எரிச்சல் தாங்காத பகல்களில் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் எனக்குத் தெம்பு தந்தது மாத்திரையா வன்மமா என்று கேட்டால், வன்மம் என்றுதான் சொல்வேன்.

அக்கா ஒரு விஷயத்தை மறந்துவிட்டாள். காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலை, வருகிற புகார்களைப் படித்துப் பதில் எழுதுவது. வருடக்கணக்காகப் புகார்களைத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தவள் நான். அழுகிற புகாரை ஒரே வரியில் தள்ளிவிடலாம். திட்டுகிற புகாரைப் படிக்கவே வேண்டாம். தேதி, சாட்சி, இணைப்பு, பக்க எண்ணோடு அமைதியாக வருகிற புகாரை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தேன்.

குரூப்பில் வந்த எல்லா விளம்பரங்களையும் படமெடுத்தேன். அக்கா எனக்கு அனுப்பிய குரல் செய்திகளை வார்த்தை மாறாமல் எழுதினேன். மருத்துவரிடம் கடிதம் வாங்கினேன். ஆனால் ஒரு ஆள் கொடுக்கிற புகார் குடும்பச் சண்டை மாதிரித் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் குரூப்பில் "எனக்கு எரிகிறது சேச்சி" என்று எப்போதோ கேட்டுவிட்டு மௌனமானவர்களைத் தேடினேன்.

அப்படிக் கிடைத்தவள் போனக்காட்டிலிருந்து வந்து தம்பானூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த பெண். அவளுடைய அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். இருபத்தாறு வயது. மதிய இடைவேளையில் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னேன். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். கழற்றியபோது என் முகத்தையே பார்த்தது போலிருந்தது.

"சேலை செக்‌ஷன்ல இருந்தேன்க்கா. கஸ்டமர் பாத்தா நல்லா இருக்காதுன்னு இப்ப குடோன்ல மடிக்க விட்டுட்டாங்க."

"ஒரு கையெழுத்துப் போடுவியா?"

"யாருக்கு எதிரா?"

சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"பேனா குடுங்க."

நான் அவளுக்கு உதவப் போகவில்லை. அவள் கையெழுத்துக்காகத்தான் போனேன். ஆனால் அவள் மாஸ்க்கை மறுபடி மாட்டிக்கொள்வதைப் பார்த்ததும் அங்கிருந்தே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவளைத் தவிர இன்னும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகாரையும் உறையிலிருந்த டப்பாவையும் வாங்கிய அதிகாரி இணைப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் வக்கீலா?" என்று கேட்டார். இவ்வளவு பெரிய பாராட்டு எனக்கு வேலையில் கிடைத்ததில்லை.

அக்காவின் பார்லரில் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. எங்கள் தெரு வழியாக அதிகாரியின் ஜீப் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்தவள் அப்படியே அக்கா வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். ஒரு டீ சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கா நைட்டியோடு வாசலில் நின்று அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். தலை நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பவில்லை. டீ அன்றைக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

அங்கேயே நின்று குரூப்பில் படம் போட்டேன். அவள் போட்ட அதே வலது பக்கத்து முகம். அதற்குப் பக்கத்தில் சீழும் வீக்கமுமாக, எட்டு மாதம் கழித்து எடுத்த என் முகம். நடுவில் ஒரு அம்புக்குறி. பரிசோதனை முடிவும் பின்னால் வந்தது. மருத்துவர் சொன்னதேதான்.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தலையிலிருந்து கழுத்துவரை துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அம்மா எனக்கு முன்னால் ஓடிப்போய் நாற்காலி போட்டாள்.

"நீ எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கு. பிள்ளைகள வச்சிருக்கேன்."

"முடியாது."

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எனக்கு அதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாதுன்னா எதுக்கு நான் குடுக்கலைன்னு சொன்ன?"

அவள் துப்பட்டாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அம்மா இடையில் புகுந்தாள். "ஏட்டி, அவ உனக்கு அக்காயில்லா? போட்டும், விடு."

"அம்மா, நிச்சயதார்த்தத்துல நீயும் சிரிச்ச. பேசாம இரு."

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அக்கா மெதுவாகத் துப்பட்டாவை அவிழ்த்தாள். கன்னம் இரண்டும் வெந்ததுபோல் சிவந்து, நெற்றி முழுக்கப் பொரிந்திருந்தது.

"நானும் அதத்தான் தேச்சேன். மூணு வருஷமா. இப்பம் டப்பா இல்ல. எரியுது மக்களே." சின்னவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கொஞ்சிக் கூப்பிடுவார்கள்.

அவள் உண்மையிலேயே அந்தக் க்ரீமை நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் என் மனம் இளகியது என்று எழுதினால் பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வயிறு குளிர்ந்தது. ஒரு தாளில் மருத்துவரின் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்தேன். அன்பால் இல்லை. நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவளும் எரிகிற முகத்தோடு உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"இதவிட மோசமாகும்" என்றேன். "ஒரு மாசம் எரியும். அதுக்கு மேலயும் எரியலாம்."

தாளை வாங்கிக்கொண்டு போனாள். மருத்துவரிடம் போனாளா என்று நான் விசாரிக்கவில்லை.

என் முகத்துக்கு மொத்தம் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எரிச்சல் அடங்கியபின் ஹார்மோனுக்கு ஒரு மாத்திரை, படுக்கும்முன் ஒரு ஜெல், பகலில் சன்ஸ்கிரீன். பத்து நாளில் எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் பல் விளக்கும்போது தாடையில் புதிதாக ஒன்றுமில்லை என்று கவனித்தேன். அடுத்த மாதமும் வரவில்லை. இப்போது எப்போதாவது ஒன்று எட்டிப்பார்க்கும், இரண்டு நாளில் போய்விடும். இடது கன்னத்தில் இரண்டு குழிகள் நிற்கின்றன. லேசரில் கொஞ்சம் குறைக்கலாம் என்று மருத்துவர் சொல்கிறார். பார்க்கலாம்.

சொந்தத்தில் பாதிப்பேர் எங்களை விசேஷங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அம்மாவுக்கு அது பெரிய குறை, எனக்கு நிம்மதி. துணிக்கடைப் பெண் மறுபடி சேலைப் பிரிவுக்கு வந்துவிட்டாள். வழக்கு நடக்கிறது. அக்காவுக்கு அந்த டப்பாக்களைச் செய்து கொடுத்த ஆளும் இப்போது அதில் மாட்டியிருக்கிறான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் போகிறேன், முன்வரிசையில் உட்காருகிறேன். நான் வர வேண்டிய அவசியமே இல்லை என்று அரசு வக்கீல் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

அடுத்த வாய்தா வியாழக்கிழமை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.